விசாரிப்பும் விசாரணையும்: வடகவுஞ்சியை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழில் 'விசாரி' என்கிற ஒரே வினையிலிருந்து இரண்டு பெயர்கள் பிறக்கின்றன. ஒன்று விசாரிப்பு. 'அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்க' என்று பஸ் ஏறும்போது சொல்கிறோமே, அது. மற்றது விசாரணை. 'விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க, இன்னும் விடலை' என்று ஸ்டேஷன் வாசலில் நின்று சொல்வது. முன்னதில் கேட்பவர் கடமைப்பட்டவர், பின்னதில் கேட்கப்படுபவர். ஆங்கிலத்தில் இரண்டையும் 'என்கொயரி' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட முடிகிறது. ஊர் வரலாற்றுச் சங்கங்களுக்குப் பொதுமக்கள் அனுப்பும் 'என்கொயரி'களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இவற்றில் எந்தச் சொல்லைப் போடுவது என்பதே முதல் பிரச்சினையாகிவிட்டது. யார் யாரைக் கேட்கிறார்கள், பதில் சொல்லாமல் போனால் யாருக்கு நஷ்டம் என்பது தெரியாமல் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

இங்கிலாந்தின் சின்ன ஊர்களில் வரலாற்றுச் சங்கம் என்பது சர்ச், தபால் ஆபீஸ் மாதிரி ஒரு சாதாரண விஷயம். ரிட்டயரான வாத்தியார்கள், நூலகர்கள் நாலைந்து பேர் நடத்துவது. அவர்களுக்குக் கடிதங்கள் வந்தபடி இருக்கும். என் தாத்தா உங்கள் தெருவில் ரொட்டிக் கடை வைத்திருந்தார், கடை எண் என்ன? நான் வாங்கியிருக்கும் வீட்டில் முன்பு யார் குடியிருந்தார்கள்? இந்தப் போட்டோவில் இருக்கும் பள்ளிக்கூடம் எது? சங்கத்தார் பழைய வாக்காளர் பட்டியலையும் திருச்சபைப் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்துப் பதில் எழுதுவார்கள். இப்படிக் கேட்பதும் பதில் பெறுவதும் ஒரு எழுத்து வகையாகவே உறைந்துவிட்டது. பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, வீட்டு எண், கடைசியில் ஒரு நன்றி. இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால், அதற்கு ஓர் இலக்கணம் இருப்பது தெரியும். கேட்பவருக்கு ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் ஏதோ ஒரு பதிவேட்டில் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேட்டைக் கறையான் தின்னவில்லை. கேட்பதால் தனக்கு ஆபத்து எதுவும் வராது என்கிற நிச்சயம் அவருக்கு இருக்கிறது. இந்த நாலும் கூடினால்தான் கேள்வி எழுதவே வரும்.

காலனியம் இந்த எழுத்து வகையைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. தெற்காசியாவிலுள்ள ஐரோப்பியக் கல்லறைகளைப் பற்றிய தகவல்களைச் சேகரிக்க 1976இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. 'பாக்ஸா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1998இல் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கென்றே 'ஃபிபிஸ்' என்று இன்னொன்று. எந்தக் கல்லறையில் எந்த வரிசையில் யார் கிடக்கிறார்கள் என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. நம்மூரிலேயே எஸ். முத்தையா 'தி இந்து'வில் 1999 முதல் 2019இல் இறக்கும்வரை எழுதிய 'மெட்ராஸ் மிஸலேனி' பத்தியில், தபால்காரர் கதவைத் தட்டியதாகத் தலைப்பிட்டு வாசகர் கேள்விகளுக்கென்று ஒரு பகுதி வரும். என் பாட்டனார் வேலை பார்த்த கம்பெனி எது, அவர் குடியிருந்த பங்களா இன்னும் இருக்கிறதா என்கிற வகைக் கேள்விகளை அங்கே நிறையப் பார்க்கலாம். தகவல் செறிவில் அந்தப் பத்திக்கு ஈடாகத் தமிழில் ஒன்று வந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தபால்காரர் பெரும்பாலும் ஒரே பேட்டையில்தான் கடிதம் வாங்கிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழனி மலை இந்தவிதக் கேள்விகளுக்குத் தோதான இடம். 1821இல் லெப்டினன்ட் வார்டு மலையை அளந்தார். 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி கட்டினார். 1895இல் செண்பகனூரில் யேசு சபையார் கல்லூரி தொடங்கினார்கள். 1899இல் நகராட்சி, அதே காலத்தில் சூரிய ஆய்வுக்கூடம். 1901இல் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். ஒவ்வொன்றுக்கும் காகிதம் இருக்கிறது. அமெரிக்க மிஷனின் கடிதங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில். யேசு சபையாரின் ஆவணங்கள் செண்பகனூரில். 1972இல் நோரா மிட்செல் கொடைக்கானலைப் பற்றிச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு ஒரு முழு நூலே எழுதினார். மலைவாசஸ்தலம் என்பதே தன்னைத் தானே எழுதிக்கொண்ட ஊர். அதனால் அயோவாவிலிருந்தோ அபர்டீனிலிருந்தோ ஒரு பேத்தி, 'எங்கள் கொள்ளுப்பாட்டி கொடைக்கானலில் பிரசவத்தில் இறந்தாராம், கல்லறை எங்கே?' என்று கேட்டால் பதில் வந்துவிடுகிறது. சில சமயம் கல்லின் போட்டோவும் வருகிறது.

இதைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. பிரசவத்தில் செத்த பெண்ணைத் தேடுகிற துக்கம் யாருடையதாக இருந்தாலும் துக்கம்தான். எனக்கு உறுத்துவது வேறு. ஆவணக் காப்பகம் பதில் மட்டும் வைத்திருப்பதில்லை; எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் அதுதான் சொல்லித் தருகிறது. 'ஆர்க்கைவ்' என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் அதிகாரிகளின் வீட்டைக் குறித்தது என்று தெரிதா 1995இல் எழுதிய நூலில் நினைவூட்டுகிறார். அதிகாரி வீட்டுக்குள் போகிறவன் செருப்பை எங்கே விடுவது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். தெரியாதவன் வாசலிலேயே நிற்கிறான். அவனிடம் கேள்வியே இல்லை என்று உள்ளே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

நம்முடைய சொந்த ஊர் வரலாற்றுக் குழுக்கள் வேறு மாதிரியா என்றால், வேறு மாதிரிதான்; ஆனால் நல்லவிதமாக அல்ல. கல்வெட்டு படிப்பவர்கள், நடுகல் தேடுபவர்கள், பள்ளி ஆசிரியர்கள் எனச் சொந்தக் காசைப் போட்டு அலைகிறவர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழ் 1991 முதல் அவர்களுடைய கண்டுபிடிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களிடம் பொதுமக்கள் என்ன கேட்கிறார்கள்? நான் பேசிப் பார்த்தவரை வருகிற கேள்வி ஒன்றேதான். 'சார், இந்தக் கல்வெட்டுல எங்க ஆளுக பேரு இருக்கா?' இருந்தால் அது அடுத்த மாதம் சாதிச் சங்க மாநாட்டுச் சுவரொட்டியில் வரும். இல்லையென்றால் கல்வெட்டு படித்தவருடைய சாதி விசாரிக்கப்படும். வெள்ளைக்காரப் பேத்தி தன் பாட்டியைத் தேடுகிறாள். நம் ஆள் தன் பாட்டனுக்கு ஒரு கிரீடத்தைத் தேடுகிறான். ஆண்ட பரம்பரை என்கிற அந்தப் பெருங்கதையாடலுக்கு ஊர் வரலாறு கூலி இல்லாத குமாஸ்தாவாகிவிட்டது. ஆளப்பட்ட பரம்பரை எது என்று எந்த மாநாட்டிலும் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் ஆண்டிருந்தால் நிலத்தை உழுதது யார் என்று மட்டும் ஒரு விசாரிப்புக் கடிதம் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது வடகவுஞ்சிக்கு வருவோம். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையை ஒட்டி, மலையின் வடக்குச் சரிவில் இருக்கிற ஊராட்சி. காப்பி, மிளகு, வாழை, பட்டர் புரூட். சரிவுகளில் பளியர் குடியிருப்புகள். மேல்மலையில், மன்னவனூருக்கு அந்தப் பக்கம் கவுஞ்சி என்று இன்னொரு ஊர் இருப்பதால் இதற்கு 'வட' என்ற அடைமொழி. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஊர்ப்பெயர் என்றால் கை அரிக்கும். ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' எங்களுக்கெல்லாம் வேதம் மாதிரி. காடு, மலை, ஆறு, குளம், அரசன், தெய்வம் என்று பிரித்து வைத்துக்கொண்டு எல்லா ஊரையும் ஏதோ ஒரு பெட்டிக்குள் போட்டுவிடலாம். அந்த அரிப்போடு ஒரு பளியர் பாட்டியிடம், 'பாட்டி, ஊருக்கு ஏன் வடகவுஞ்சின்னு பேரு வந்துச்சு?' என்று கேட்டேன்.

'நீங்க எந்த ஆபீஸு சாமி?'

'ஆபீஸெல்லாம் இல்ல பாட்டி. சும்மாதான் கேக்குறேன்.'

'சும்மா யாரு கேப்பா?'

இதற்கு மேல் ஒரு வரலாற்றியல் கோட்பாடு தேவையில்லை என்றுதான் தோன்றியது. அந்த மலையில் இருநூறு வருஷமாகக் கேள்வியோடு ஏறி வந்தவர்கள் யார்? சங்கிலி பிடித்து அளக்க வந்த சர்வேயர். 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தபின் எல்லைக்கல் நட வந்த ரேஞ்சர். தலையை எண்ண வந்த சென்சஸ்காரர். மூக்கையும் மண்டையையும் அளந்து தர்ஸ்டன் தொகுதி தொகுதியாக 1909இல் வெளியிட்டாரே, அந்தப் பரம்பரையினர். அப்புறம் சாதிச் சான்றிதழுக்கு ஊர் விசாரணைக்கு வரும் அதிகாரி. இவர்களில் யாரும் சும்மா கேட்கவில்லை. விசாரிப்பு என்ற சொல் அங்கே போய்ச் சேரவேயில்லை, விசாரணைதான் போயிருக்கிறது. கேள்விக்குச் சொல்லும் பதில் காட்டுக்குள் போக விடுமா, ரேஷன் கார்டு தருமா, குடிசையைப் பிரிக்க வைக்குமா என்று கணக்குப் போட்டுப் பேசுவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். அவர்களுடைய மௌனத்தை வெகுளித்தனம் என்று எழுதுகிற நாவலாசிரியர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள்.

சாதிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என்று மூன்று தனித்தனி வரிசை எண்களில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. பளியர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் மக்களை வெவ்வேறு குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுத, மூன்று எழுத்துக்கூட்டல்கள் மூன்று பழங்குடிகளாகி அரசிதழில் ஏறி உட்கார்ந்துகொண்டன. அப்பனுக்கு ஒரு எண்ணிலும் மகளுக்கு இன்னொரு எண்ணிலும் சான்றிதழ் கிடைத்தால், அதிகாரி பிழையைப் பட்டியலில் தேட மாட்டார், மகளிடம் தேடுவார். 'மாதுரி பாட்டில்' வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, சந்தேகத்துக்குரிய சான்றிதழ்களைச் சரிபார்க்கும் விழிப்புப் பிரிவு அந்தச் சமூகத்தின் தெய்வம் எது, கல்யாணச் சடங்கு என்ன, சாவுச் சடங்கு என்ன, பிணத்தை எப்படிப் புதைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு எழுத வேண்டும். போலிச் சான்றிதழ்களைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. போலிகள் இருப்பதும் உண்மை. இத்தகைய ஒப்புமைச் சோதனை மட்டுமே உரைகல்லாக முடியாது என்று 2011இல் அதே நீதிமன்றம் சொல்லவும் செய்தது. இருந்தாலும் இந்தக் காட்சியைச் சற்று நிறுத்திப் பாருங்கள். மலை உச்சியில் ஒரு பேத்தி பாட்டியின் கல்லறை எங்கே என்று கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல லண்டனில் ஒரு சங்கம் இருக்கிறது. மலைச் சரிவில் ஒரு பேத்தியிடம் 'உன் பாட்டியை எப்படிப் புதைத்தீர்கள்?' என்று அரசு கேட்கிறது. பதில் தப்பானால் அவளுடைய காலேஜ் சீட்டு போய்விடும். இரண்டும் கல்லறையைப் பற்றிய கேள்விதான். இரண்டும் உள்ளூர் வரலாறுதான்.

கல்லறை என்றதும் இந்த மலைக்கே உரிய இன்னொரு விஷயமும் நினைவுக்கு வருகிறது. பழனி மலை முழுக்கக் கற்திட்டைகள். ஆங்லாது என்ற யேசு சபைக் குருவும் நியூட்டனும் சேர்ந்து அவற்றைத் தேடித் தேடி அளந்து எழுதியதை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை தன் 36ஆவது நினைவுப் பதிப்பாக வெளியிட்டது. 2000களில் கா. ராஜன் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார். தமிழகத்தில் பல இடங்களிலும் ஜனங்கள் இவற்றைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்வார்கள். நம்மவர்கள் கட்டியது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். மிகப் பழைய கல்லறைகளுக்கு உரிமை கொண்டாட ஆளில்லாமலே ஆக்கிவிட்டு அவற்றைத் தொல்லியல் என்று பெயர் சூட்டிப் பலகை வைக்கிறோம்.

இதெல்லாம் பண்பாட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாமல் செய்தது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதன்படி 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்து பிழைத்து வரும் பழங்குடிக் குடும்பம் அந்த நிலத்துக்கு உரிமை கோரலாம். பழங்குடிப் பட்டியலில் இல்லாத பிற வனவாசிகளும் கோரலாம். ஆனால் அவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். அப்படியென்றால் 1930. நம் பாட்டனார் 1930இல் எங்கே இருந்தார் என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று கொண்டுவா என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் கொண்டுவருவோம்?

இங்கேதான் மலைப்புலையர் மாட்டிக்கொள்கிறார்கள். புலையர் பெயர் பட்டியல் சாதிகளில் இருக்கிறது. தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவர்கள் நீண்ட காலமாகக் கேட்டு வருகிறார்கள். சேர்க்கப்படாதவரை அவர்கள் 'பிற' வனவாசிகள்; 75 வருஷக் கணக்கு அவர்கள் தலையில். சரி, எங்கே தேடுவது? நெல்சன் 1868இல் எழுதிய மதுரைச் சீமை நூலையும் ஃபிரான்சிஸ் 1906இல் தொகுத்த மதுரை மாவட்ட கெசட்டியரையும் எடுத்தால், கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சமவெளியிலிருந்து குன்னுவர் மலையேறி வந்த கதையும், தங்களுக்கு முன்பே அங்கிருந்த புலையரை அவர்கள் பண்ணையடிமைகளாக வைத்திருந்த கதையும் வருகின்றன. அடிமையின் பெயரில் பட்டா இருக்காது. வரி ரசீது இருக்காது. அவன் அந்த மலையில் இருந்தான் என்பதற்கு எழுத்தில் எஞ்சியிருக்கும் சாட்சி, அவன் இன்னொருவனுக்குச் சொந்தமாக இருந்தான் என்கிற வாக்கியம்தான். தன் உரிமையை நிலைநாட்ட அவன் பேரன் அந்த வாக்கியத்தை நகலெடுத்து, மனுவோடு பின் குத்திக் கொடுக்க வேண்டும். 'இகழப்பட்டோர் வாழ்வு' பற்றி ஃபூக்கோ 1977இல் எழுதிய கட்டுரையில், அதிகாரத்தின் வெளிச்சம் ஒரு கணம் மேலே விழுந்ததால் மட்டுமே வரலாற்றில் தெரியவந்த மனிதர்களைப் பற்றிப் பேசுவார். அவர் பேசிய ஆட்கள் எப்போதோ செத்துப்போன பிரெஞ்சுக்காரர்கள். நம் ஆள் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நகல் எடுக்கக் காசு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

சட்டத்தின் விதிகளில் 13ஆவது விதியை எழுத்தாளர்கள் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்வேன். எது சான்று என்று அது சொல்கிறது. கெசட்டியர், சென்சஸ், சர்வே அறிக்கை, வரைபடம் ஆகியவை ஏற்கப்படும். மரபுகளைப் பற்றிய ஆய்வுகள் ஏற்கப்படும். கிணறு, இடுகாடு, கோயில் மாதிரியான பழைய அடையாளங்கள் ஏற்கப்படும். வம்சாவளி ஏற்கப்படும். மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலம், எழுத்தில் பதிந்தால், ஏற்கப்படும். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டது இருக்க வேண்டும். இது ஒரு நல்ல ஊர் வரலாற்றுச் சங்கத்தின் அலமாரிப் பட்டியல் மாதிரியே இல்லையா? டாமென் என்ற யேசு சபைக் குரு பழனி மலைப் பளியரைப் பற்றி 1908இல் 'ஆந்த்ரோபோஸ்' இதழில் எழுதிய கட்டுரை, ஐரோப்பிய அறிஞர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டது. நூறு வருஷம் கழித்து அது ஒரு பளியர் குடியிருப்பின் சான்றாவணமாக ஆகக்கூடும். வெள்ளைக்காரப் பேத்திக்குப் பதில் சொல்லும் அதே அலமாரியில் இவர்களுடைய பதிலும் இருக்கிறது. அலமாரி இருக்கும் இடத்தை இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இவர்களும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதவில்லை.

ஏகாதிபத்தியக் குப்பைகளை வைத்துக்கொண்டு விடுதலை தேடுவதா என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். அந்தப் பக்கங்களில் 'காட்டுமிராண்டி' வகைச் சொற்கள் நிறைய உண்டு. அவற்றைச் சான்றாகக் கொடுப்பது அவற்றை ஒப்புக்கொள்வதாகாதா? ரணஜித் குகா 1983இல் கலக எதிர்ப்பு உரைநடையைத் தலைகீழாக வாசித்துக் காட்டியதிலிருந்து நாம் இதைப் பலமுறை பேசியாகிவிட்டது. என் பதில் சுருக்கமானது. பட்டா கிடைக்கும்வரை நெல்சன் வேண்டும். நெல்சனை எப்படி வாசிப்பது என்பதை அப்புறமும் வைத்துக்கொள்ளலாம். 2019 பிப்ரவரியில், மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, அந்த மாதக் கடைசியில் தானே அதை நிறுத்திவைத்தது. சான்று போதவில்லை என்பதுதான் நிராகரிப்புக்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் காரணம். கட்டுடைப்பை முடித்துவிட்டு வருகிறேன், அதுவரை காலி செய்யாமல் இருங்கள் என்று அங்கே போய்ச் சொல்ல முடியுமா?

வாய்மொழி இருக்கவே இருக்கிறதே என்பவர்களிடம் எனக்கு வேறொரு சண்டை இருக்கிறது. வாய்மொழி என்றதும் ஊரே ஒரே குரலில் பாடும் கதைப்பாடல் மாதிரி ஒன்றை நம் நாட்டார் வழக்காற்றியல் எதிர்பார்க்கிறது. 1960களில் பளியரிடையே தங்கி ஆய்வு செய்த பீட்டர் கார்ட்னர் வேறொன்றைச் சொல்கிறார். அவர்களுடைய அறிவு பொதுவில் வகுத்து ஒப்புவிக்கப்படுவது அல்ல. அவரவர் அனுபவத்தில் அவரவர் சேர்த்துக்கொள்வது. ஒரே செடியை, ஒரே உறவை, இரண்டு பேர் இரண்டுவிதமாகச் சொல்லலாம். அதற்காகச் சண்டை போட மாட்டார்கள். அடுத்தவரை அதட்டித் திருத்துவது அங்கே மரியாதைக் குறைவு. இந்தச் சமத்துவம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் விசாரணை அதிகாரிக்கு இரண்டு பெரியவர்கள் இரண்டுவிதமாகச் சொன்னால் அது 'முரண்பாடு'. ஃபைலில் சிவப்பு மையில் எழுதப்பட்டுவிடும். ஒருவரையொருவர் அடக்காமல் பேசும் ஒரு சமூகம், அப்படிப் பேசுவதாலேயே வழக்கில் தோற்கிறது. அதோடு 'மனுதாரர் அல்லாத' பெரியவர் என்ற நிபந்தனை வேறு. பத்துப் பதினைந்து வீடு உள்ள குடியிருப்பில் எல்லோருமே மனுதாரர்கள். மனு போடாத பெரியவருக்கு எங்கே போவது?

இதைப் பூர்த்தி செய்ய வந்தவர்கள் இன்னொன்று செய்தார்கள். நான் பார்த்த சில வாக்குமூலங்களில் வெவ்வேறு பெரியவர்கள் ஒரே வாசகத்தை, ஒரே எழுத்துப் பிழையோடு சொல்லியிருந்தார்கள். 'நாங்கள் தொன்றுதொட்டு இவ்வனத்தில் வசித்து வருகிறோம்.' நல்ல எண்ணத்தோடு யாரோ ஒரு தொண்டு நிறுவன ஊழியர் ஒரே மாதிரியை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். முரண்பாடு ஒழிந்தது. கூடவே சாட்சியும் ஒழிந்தது. எந்தப் பலாமரத்தடியில் பிறந்தேன், எந்த வருஷத்து மழையில் குடிசை சரிந்தது, எந்த ரேஞ்சர் காலத்தில் தேனெடுக்க விடவில்லை என்கிற விவரம்தான் ஒரு வாக்குமூலத்தை நம்ப வைக்கிறது. தொன்றுதொட்டு என்ற சொல் ஆண்ட பரம்பரைச் சுவரொட்டியிலிருந்து இறங்கி வந்தது; பளியரின் வாயில் அது பொருந்தவில்லை.

வடகவுஞ்சி மாதிரி ஊருக்கு வரலாற்றுச் சங்கம் வேண்டுமா என்று கேட்டால், ஒன்றுக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது என்பேன். கிராம சபை தேர்ந்தெடுக்க வேண்டிய வன உரிமைக் குழு. பத்து முதல் பதினைந்து பேர். பழங்குடிகள் உள்ள ஊரில் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள். மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மனுக்களை வாங்குவது, இடத்தை நேரில் போய்ப் பார்ப்பது, பெரியவர்களைக் கேட்டு எழுதுவது, வரைபடம் போடுவது இவர்கள் வேலை. இதைத்தானே உலகம் முழுவதும் ஊர் வரலாற்றுச் சங்கங்கள் செய்கின்றன? ஆனால் இதை வரலாறு என்று யாரும் சொல்வதில்லை, மனு வாங்கும் கமிட்டி என்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் போட்ட இடைக்கால உத்தரவை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கும்வரை தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கிக் கிடந்தது. அதற்குள் 2013இல் பழனி மலைக் காடுகளில் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாகிவிட்டது. அந்த எட்டு வருஷத்தில் எத்தனை பெரியவர்கள் செத்திருப்பார்கள் என்று யோசித்தால், அந்த உத்தரவு நிறுத்தி வைத்தது பத்திரங்களை மட்டும்தானா என்று தோன்றுகிறது. சாட்சிகள் போய்விட்டார்கள். சட்டம் கேட்கும் சான்று வருஷா வருஷம் மண்ணுக்குள் போகிறது.

இந்தக் குழுக்களுக்கு எழுதத் தெரிந்த ஆட்கள் வேண்டும். நாவலுக்குச் சரக்குத் தேடி மலையேறும் நம் ஆட்களைச் சொல்லவில்லை. அவர்கள் இறங்கி வரும்போது ஒரு கதை, ஒரு வட்டாரச் சொல்லகராதி, ஒரு விருது எல்லாம் கூடவே இறங்கி வருகின்றன. வேண்டியது சொன்னதைச் சொன்னபடி எழுதி, வாசித்துக் காட்டி, 'இப்படித்தானே சொன்னீங்க பாட்டி?' என்று கேட்டு, இல்லை என்றால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிற ஆள். இரண்டு பேர் இரண்டுவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, ஏன் இரண்டும் பொருந்தும் என்று அதிகாரிக்கு விளங்கும்படி ஒரு பத்தி சேர்க்கிற ஆள். செண்பகனூர் அலமாரியிலிருந்து டாமெனின் பக்கங்களை நகலெடுத்து, தமிழில் சொல்லி, அதில் தப்பாக எழுதியிருப்பதைப் பளியர்களே சிரித்துக்கொண்டு திருத்தும்போது அந்தத் திருத்தத்தையும் பதிந்து வைக்கிற ஆள். பிரதியியல், பாடபேதம் என்று நாங்கள் வகுப்பில் படித்ததெல்லாம் பயன்படக்கூடிய இடம் இதுதான்.

தனிநபர் உரிமை கோரும் படிவத்தையே ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். படிவம் 'அ'. மனுதாரர் பெயர், துணைவர் பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர், ஊராட்சி, தாலுகா, மாவட்டம். பழங்குடியா, ஆம் இல்லை. குடும்பத்தார் பெயர், வயது. அப்புறம் நிலம்: குடியிருக்க எவ்வளவு, விவசாயத்துக்கு எவ்வளவு, தாவா உண்டா, ஏற்கெனவே பட்டா உண்டா, எங்கிருந்தாவது வெளியேற்றப்பட்டாரா. 8ஆவதாகச் சான்றுகள், விதி 13ஐப் பார்க்க. இவை எல்லாமே அதிகாரி வீட்டுக் கேள்விகள். 9ஆவதாக ஒன்று இருக்கிறது: 'வேறு தகவல் ஏதேனும்'. அளவு சொல்லவில்லை, விதி எண் சொல்லவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், தாள் போதாவிட்டால் இன்னொரு தாள் சேர்க்கலாம். நான் பார்த்த படிவங்களில் அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பெருவிரல் ரேகை.